நீச்சல் அடித்தால் உடம்பில் கொழுப்பு சேருமா?

கேள்வி: எனக்கு 42 வயது. என் 13 வயது மகளுடன் நான்கு மாதங்களாக வாரத்தில் ஐந்து நாள், தினமும் ஒரு மணி நேரம் நீச்சல் குளத்துக்குப் போய் வருகிறேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. 'தண்ணீரின் குளிர்ச்சியைத் தாங்குவதற்காக உடம்பு கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், நீச்சலால் இளைக்க முடியாது' என்கிறார் ஓர் உடற்பயிற்சியாளர். மகளுக்கு ஆண்பிள்ளை போலத் தோள் அகன்றுவிடும் என்று என் நாத்தனார் சொல்கிறார். இருவருமே நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நிறுத்த வேண்டாம். தண்ணீரின் மீது பழியைப் போடுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பயிற்சியாளர் சொன்னது முழுக் கற்பனை அல்ல. 1987-இல் அமெரிக்க மருத்துவர் கிரான்ட் குவினப் வெளியிட்ட ஆய்வில், உணவைக் குறைக்காமல் உடற்பயிற்சி மட்டும் செய்த பருமனான பெண்களுள் நடந்தவர்களும் சைக்கிள் மிதித்தவர்களும் தங்கள் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழந்தார்கள்; நீந்தியவர்கள் இளைக்கவே இல்லை. இதை மட்டும் படித்தவர்கள் நீச்சலால் பயனில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் 50 முதல் 70 வயது வரையிலான பெண்களிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் நீந்தியவர்களே நடந்தவர்களைவிட 1.1 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். தண்ணீரில் இறங்கினாலே உடம்பு கொழுப்பைச் சேர்க்கும் என்பது இயற்கை விதியாக இருந்திருந்தால், இந்த இரண்டாவது முடிவு வந்திருக்கவே முடியாது.

குளிர்ச்சி செய்யும் வேலை வேறு. 2005-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த ஒரு சோதனையில், ஆண்கள் சிலரைத் தண்ணீருக்குள் அமர்த்தி 45 நிமிடம் சைக்கிள் மிதிக்கச் செய்து, பிறகு விரும்பிய அளவு சாப்பிடவிட்டார்கள். 33 டிகிரி நீரில் மிதித்த நாளைவிட, 20 டிகிரி நீரில் மிதித்த நாளில் அவர்கள் 44 சதவீதம் அதிகக் கலோரி சாப்பிட்டார்கள். அதாவது குளிர்ந்த நீர் கொழுப்பைச் சேர்ப்பதில்லை, பசியைத்தான் கிளப்பிவிடுகிறது. ஈரோட்டு வெயிலில் கிடக்கும் குளத்து நீர் ஆண்டின் பெரும்பகுதியில் அந்தக் குளிருக்கு அருகில்கூட வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள குளிர்ந்த கடலான ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடப்பவர்களுள் பலர் பருமனாக இருப்பதைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். பருமனான உடம்பு குளிரில் வெப்பத்தை மெதுவாக இழப்பதால் அத்தகையவர்கள் அங்கே தாக்குப்பிடிக்கிறார்கள். அந்தப் பருமன் நீந்தியதால் வந்ததல்ல.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. குளத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது, மூச்சு வாங்குவது, பேசுவது எல்லாம் போக, உண்மையிலேயே நீந்துவது எத்தனை நிமிடம்? 60 கிலோ எடையுள்ள ஒருவர் நிதானமான வேகத்தில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் நீந்தினால் சுமார் 350 கலோரி செலவாகும். நீந்துவது 20 நிமிடம்தான் என்றால் அது 120 கலோரிக்குச் சுருங்கிவிடும். குளத்திலிருந்து திரும்பும் வழியில் சாப்பிடும் ஒரே ஒரு மெதுவடை அதை ஈடுகட்டிவிடும். நாளை முதல் நேரத்தை எண்ணாமல், 25 மீட்டர் குளத்தின் நீளத்தை எத்தனை முறை கடந்தீர்கள் என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இதில் பலருக்கும் புலப்படாத இன்னொன்றும் உண்டு. புதிதாகக் கற்பவர் கையையும் காலையும் வீணாக அடித்து அதிகச் சக்தியைச் செலவழிக்கிறார். நீச்சல் படிந்த பிறகு அதே தூரத்தைக் குறைந்த சக்தியில் கடக்கிறார். ஆகவே முதல் மாதம் நீந்திய 10 நீளங்களையே நான்காம் மாதமும் நீந்தினால் செலவு குறைந்திருக்கும் என்பதே உண்மை. வேகத்தை இரட்டித்தால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆதலால் இரண்டு நீளம் வேகமாக, ஒரு நீளம் மெதுவாக என்று மாற்றி மாற்றி நீந்துங்கள். தூரத்தையும் வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். எடை இயந்திரத்தோடு தையற்கார நாடாவையும் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து பாருங்கள், ஏனெனில் கொழுப்பு குறைந்து தசை சிறிது கூடும்போது முள் அசையாமல் நிற்பதுண்டு. காலை உதைத்தால் தொடையில் மட்டும் கொழுப்பு கரையும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் மூட்டுகளுக்கு இதம், ஆனால் அதே காரணத்தால் எலும்புகளை உறுதிப்படுத்த நீச்சல் பெரிதாக உதவாது. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் நீங்கள் வாரத்தில் இரண்டு நாள் நடையும் எடை தூக்கும் பயிற்சியும் சேர்த்துக்கொள்வது அவசியம்.

இனி உங்கள் மகளின் தோள். ஒலிம்பிக்கில் 23 தங்கப் பதக்கங்கள் வென்ற அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் உயரம் 193 செ.மீ.; கைகளை விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு நுனி வரை 201 செ.மீ. இந்த எலும்பு அளவுகளை அவருக்குக் குளம் கொடுக்கவில்லை. இத்தகைய உடலமைப்பு உள்ளவர்கள் போட்டிகளில் வென்று, நம் கண்ணில் படும் இடத்துக்கு வருகிறார்கள். குறுகிய தோள் உள்ளவர்கள் முன்பே விலகிவிடுவதால் அவர்களை நாம் பார்ப்பதில்லை. தினமும் பல மணி நேரம் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்யும் வீராங்கனைகளுக்கு முதுகும் தோளும் திரள்வது உண்மைதான். தினமும் ஒரு மணி நேரம் நீந்தும் சிறுமிக்கு முதுகு நிமிரும், மூச்சு நீளும், தோளில் சிறிது உறுதி ஏறும்; ஆணின் தசை வளர்ச்சிக்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அவள் உடம்பில் மிகக் குறைவு.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீந்துவது அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அவளைக் குளத்திலிருந்து நிறுத்துவது பற்றி நாத்தனாரிடமும் என்னிடமும் பேசுவதற்கு முன், அதை அவளிடம் கேளுங்கள்.