உயரமான பையன் புள்ளி எடுக்கிறான், ஆட்டம் தெரியுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் கூடைப்பந்து அணியில் உயரமான பையன்கள் இருவர். மூத்தவனுக்கு 16 வயது, 6 அடி 3 அங்குலம். மேட்சுக்கு இருபது புள்ளி எடுத்துவிடுகிறான். இளையவனுக்கு 15 வயது, 6 அடி. அதில் பாதிகூடத் தேறாது. மாவட்டத் தேர்வுக்கு சென்டராக (கூடையருகே ஆடும் உயரமானவன்) ஒருவனைத்தான் அனுப்ப முடியும். தாக்குதல் ஆட்டத்தில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: முதலில் அந்த இருபது புள்ளியைப் பிரியுங்கள். அடுத்த இரண்டு, மூன்று மேட்சில் ஒரு மாணவனை நோட்டோடு உட்கார வைத்து, ஒவ்வொரு கூடையும் எப்படி விழுந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள்: தவறி எகிறிய பந்தை (ரீபவுண்ட்) எடுத்துத் திரும்பப் போட்டது, எதிரணி திரும்பும் முன் ஃபாஸ்ட் பிரேக்கில் தனியாக ஓடிப் போட்டது, போஸ்டில் (கூடைக்கு அருகே, முதுகைக் காட்டி நிற்கும் இடம்) பந்து வாங்கி ஆளைத் தாண்டிப் போட்டது, ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ. ஐந்தரை அடிப் பையன்களுக்கு நடுவே 6 அடி 3 அங்குலம் கையைத் தூக்கினாலே முதல் வகை குவிந்துவிடும். அது ரீபவுண்ட் திறமை, வேண்டியதுதான். ஆனால் எதிரில் சம உயரக்காரன் வந்து நின்றால் பாதியாகிவிடும். மூன்றாவது வகையில் எத்தனை என்பதே உங்கள் கேள்விக்கான விடை.

மேட்சில் அது கண்ணுக்குத் தெரியாவிட்டால் சோதித்துப் பாருங்கள். பிளஸ் டூ பையனோ பழைய மாணவனோ, நல்ல உடல்கட்டு உள்ள ஒருவரை டிஃபெண்டராக நிறுத்துங்கள். பக்கவாட்டிலிருந்து பத்து பாஸ்: நான்கு நேராக, மூன்று முழங்கால் உயரத்தில், மூன்று தலைக்கு மேலே கொஞ்சம் விலகி. பந்து வருவதற்கு முன்பே பாருங்கள். காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, ஆளை முதுகுப் பக்கம் அடைத்துக்கொண்டு, எங்கே பந்து வேண்டும் என்று கையைக் காட்டுகிறானா? பெயின்ட் (கூடைக்குக் கீழுள்ள செவ்வகம்) கோட்டை ஒட்டி வாங்குகிறானா, தள்ளுப்பட்டு இரண்டு எட்டு வெளியே போய் வாங்குகிறானா? வெளியே போய் வாங்குபவனிடம் எத்தனை மூவ் இருந்தும் பயனில்லை.

வாங்கிய பின் பந்து எங்கே இருக்கிறது என்பது அடுத்தது. உயரமான பையன்களிடம் மிகச் சாதாரணமாகக் காணும் குறை, பந்தை இடுப்புக்கு இறக்குவது. கீழே இறங்கிய பந்தைக் குள்ளமான கார்டு (வெளியே நின்று பந்தைக் கையாளும் ஆட்டக்காரன்) ஓடிவந்து தட்டிவிட்டுப் போவான். தாடைக்கு அடியில், முழங்கை இரண்டும் வெளியே என்று இருக்க வேண்டும். பத்தில் எட்டைச் சுத்தமாகப் பிடித்து மேலேயே வைத்திருந்தால் நல்ல கை. ஐந்துக்குக் கீழ் என்றால் கவலைப்பட வேண்டியதுதான். ஷாட்டைச் சொல்லிக் கொடுத்துவிடலாம், கையை மாற்றுவது கடினம்.

பிறகு கால். மொபைலை பேஸ்லைன் (கூடைக்குப் பின்னுள்ள கோடு) ஓரமாக முழங்கால் உயரத்தில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். காற்றில் பந்தைப் பிடித்து இரண்டு காலும் சேர்ந்து இறங்கினால் எந்தக் காலையும் பிவட் (தரையில் ஊன்றியபடி திரும்ப உதவும் கால்) ஆக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினால் முதலில் தரை தொட்ட கால்தான் பிவட். டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நகர்வது) தொடங்கும்போது, பிவட் கால் எழும் முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். டிராப் ஸ்டெப் (ஒரு காலைப் பின்னால் வைத்துக் கூடைப் பக்கம் திரும்புவது), ஜம்ப் ஹூக் (பக்கவாட்டில் குதித்து ஒரு கையால் தலைக்கு மேலிருந்து போடுவது) இரண்டையும் இரு தோள் பக்கமும் செய்யச் சொல்லுங்கள். அதன்பின் டிஃபெண்டரிடம் மட்டும் ரகசியமாக, முதல் மூவை மறித்துவிடச் சொல்லுங்கள். மறித்ததும் அடுத்த பக்கம் திரும்புகிறானா, வெளியே பாஸ் கொடுக்கிறானா, இல்லை அப்படியே மோதி எறிகிறானா? நான் அதிக மதிப்பெண் போடுவது இந்த ஒரு நொடிக்குத்தான். அமெரிக்க என்.பி.ஏ.வின் புகழ்பெற்ற சென்டர் ஹகீம் ஒலாஜுவான் 15 வயதுக்குப் பிறகுதான் கூடைப்பந்துக்கு வந்தார். அதற்கு முன் ஆடிய கால்பந்தும் ஹேண்ட்பாலும் அவர் காலில் இருந்தன. உங்கள் பையன்களில் யாராவது கால்பந்து ஆடுபவனா என்று கேட்டுப் பாருங்கள்.

மைக்கன் டிரில்லை ஒரு நிமிடம் வையுங்கள்: வளையத்தின் வலப்பக்கம் வலக்கையால், உடனே பந்தை எடுத்து இடப்பக்கம் இடக்கையால். எத்தனை விழுந்தது என்பதோடு, இடக்கையில் எத்தனை என்றும் எண்ணுங்கள். பலருக்கு இடப்பக்கமும் வலக்கையே போகும்.

ஃப்ரீ த்ரோவை ஓட்டத்துக்குப் பின் ஐந்தைந்தாக, மொத்தம் 25 போட வையுங்கள். தவறியது எந்தப் பக்கம் என்று குறியுங்கள். முன்னால் குறைந்து விழுந்தால் கால் களைப்பு, சரியாகிவிடும். இடமும் வலமும் சிதறினால் முழங்கையிலும் மணிக்கட்டிலும் கோளாறு, நாள் பிடிக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். 6 அடி 3 அங்குலம் நீலகிரியில் சென்டர். மாநில அளவில் ஃபார்வர்டு, அதாவது கூடைக்குச் சற்று விலகி ஆடுபவன். ஆகவே இருவரையும் ஃப்ரீ த்ரோ கோட்டருகில் கூடையைப் பார்த்து ஆட விட்டும் பாருங்கள். பள்ளிப் போட்டிகளில் 2-3 ஸோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று இடம் பிரித்துக் காக்கும் தடுப்பு) அதிகம். அந்தத் தடுப்பை உடைக்கும் இடம் ஃப்ரீ த்ரோ கோட்டருகுதான். உயரத்தை அளக்கும்போதே சுவரில் சாக்பீஸால், நின்றபடி கை எட்டும் உயரத்தையும் குறியுங்கள். மூன்று அங்குல வித்தியாசம் கை நீளத்தில் காணாமல் போவதுண்டு.

பனி காயாத சிமென்ட் கோர்ட்டில் காலையில் சோதிக்காதீர்கள். வழுக்கலில் எல்லாருமே டிராவலிங் (பந்தோடு விதியை மீறிக் காலை நகர்த்துவது) செய்வார்கள், விறைத்த விரலில் பந்தும் நிற்காது. பதினொரு மணிக்கு மேல் வையுங்கள். குளிரில் பந்தின் காற்றழுத்தமும் குறையும்: 1.8 மீட்டரிலிருந்து விட்டால் பந்தின் உச்சி 1.2 மீட்டருக்காவது எழ வேண்டும். இளையவன் சமீபத்தில் மளமளவென்று வளர்ந்திருந்தால் சில மாதம் கால் தடுமாறும். முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி என்றால் குதிக்கும் சோதனையைத் தள்ளிவையுங்கள்.

கை, கால், மறித்தபின் செய்வது மூன்றிலும் இளையவன் முந்தினால் அவனையே அனுப்புங்கள், புள்ளிக் கணக்கைப் பார்க்க வேண்டாம். இருவரும் சமம் என்றால் மூத்தவன். ஒன்றில் இவன், இன்னொன்றில் அவன் என்று இழுபறியாக இருந்தால் இருவருக்கும் தெரியாத ஒரு மூவை, ஹூக்கைக் காட்டி அடியில் புகுந்து போடுவதைச் சொல்லிக்கொடுத்து, பத்து நாள் கழித்து அதே டிஃபெண்டரை நிறுத்திப் பாருங்கள்.