பதில் எந்த வரியில் இருக்கிறது?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் மெமரி போயம், பாராகிராஃப் எல்லாம் மனப்பாடம் செய்து எழுதிவிடுவேன். புத்தகத்தில் இல்லாத பாசேஜைக் கொடுத்துக் கேள்வி கேட்டால் மட்டும் கை ஓடுவதில்லை. தெரியாத வார்த்தைக்கெல்லாம் டிக்‌ஷனரி பார்த்தால் ஒரு பாசேஜுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அப்படிப் பார்த்தும் பதில் தப்பு. 'கேட்டதற்கு எழுதவில்லை' என்று மிஸ் சிவப்பு மையில் எழுதித் தருகிறார். தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி என்கிறார்கள். தலையங்கத்தில் நாலு வரி தாண்ட முடியவில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான சியூஇடி நுழைவுத் தேர்வு எழுதவும் ஆசை இருக்கிறது. காட்பாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தால் சரியாகுமா?
– ஒரு மாணவி, குடியாத்தம்

பதில்: எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் பார்த்த பிறகும் பதில் தப்பாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் குறை வார்த்தையில் மட்டும் இல்லை. கேட்ட கேள்விக்கு பாசேஜில் எந்த வரி பதில் சொல்கிறது என்று பிடிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. அதை டிக்‌ஷனரி தராது, தனியாகத்தான் பழக வேண்டும்.

முதலில் நீங்கள் எடுத்துப் படிக்கும் பாசேஜை மாற்றுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் நூறு வார்த்தை எண்ணி, தெரியாதவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஐந்துக்குள் இருந்தால் பயிற்சிக்கு ஏற்றது. பத்தைத் தாண்டினால் மூடி வையுங்கள். நூற்றுக்கு 95 வார்த்தை தெரிந்தால் தட்டுத்தடுமாறியாவது பொருள் பிடிபடும், 98 தெரிந்தால்தான் துணையில்லாமல் சரளமாகப் படிக்க முடியும் என்பது வாசிப்பு ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. ஆங்கிலத் தலையங்கம் உங்களுக்கு இப்போது அந்தக் கணக்குக்குள் வராது. அதில் நாலு வரியோடு நின்றதற்குச் சோம்பல் காரணமில்லை. எட்டாம் வகுப்பு என்சிஇஆர்டி (மத்தியப் பாடத்திட்ட) ஆங்கிலப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள், பிறகு ஒன்பது, பத்து. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த உங்களுக்கு அதில் ஒவ்வொரு பக்கமும் 'புத்தகத்தில் இல்லாத பாசேஜ்'தான். கேள்வியும் கூடவே இருக்கும்.

தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் போதும். ஒரு நாளைக்கு ஒரே பாசேஜ், 200 முதல் 250 வார்த்தைக்குள். படிக்கத் தொடங்கும் முன் ஐந்து வரிக்கு ஒருமுறை ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாசிப்புக்கு மூன்று நிமிடம். டிக்‌ஷனரி, போன் இரண்டும் கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும். உதடு அசையாமல் கண்ணால் படியுங்கள். வாய்விட்டுப் படித்தால் உச்சரிப்பின் மேல் கவனம் போய், பொருள் நழுவிவிடும். தெரியாத வார்த்தை வந்தால் நிற்காமல் தாண்டுங்கள். ஒரு பாரா முடிந்ததும் ஓரத்தில் தமிழிலேயே மூன்று நான்கு வார்த்தை குறியுங்கள்: 'உத்தரவு வந்தது', 'எதிர்ப்பு', 'பின்விளைவு' என்கிற மாதிரி. முழுப் பாசேஜையும் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே போக வேண்டாம். நேரம் போவது அதில்தான்.

பிறகு பதில் எழுதுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே அது எந்த வரியில் இருக்கிறது என்று வரி எண்ணும் எழுத வேண்டும். இதை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள். வரி எண் போட முடியாத பதில், நீங்கள் கற்பனை செய்தது அல்லது முன்பே தெரிந்தது. நேரடியாகச் சொல்லாததை ஊகிக்கச் சொல்லும் கேள்விக்கும் இது பொருந்தும். ஒரு வரிக்குப் பதிலாக இரண்டு வரி எண் வரும், அவ்வளவுதான்.

நம் ஊர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10 வேலூர் சிப்பாய்ப் புரட்சி பற்றி ஒரு பாசேஜ் வருகிறது. 'தி நியூ டர்பன் வாஸ் நாட் தி ஒன்லி காஸ் ஆஃப் தி ரிவோல்ட்' (புதிய தலைப்பாகை மட்டுமே புரட்சிக்குக் காரணம் இல்லை) என்று அதில் ஒரு வரி. நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவுகளும் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன என்று அடுத்த வரி. கேள்வி: தலைப்பாகை தவிர பாசேஜ் சொல்லும் மற்றக் காரணங்கள் எவை? இரண்டு விதமாகத் தப்பு நடக்கும். அவசரத்தில் படிப்பவர் 'ஒன்லி'யை விட்டுவிட்டு, தலைப்பாகை காரணமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலை நன்றாகப் படித்தவர், கோட்டைக்குள் திப்பு சுல்தானின் பிள்ளைகள் வைக்கப்பட்டிருந்ததைச் சேர்த்து எழுதுவார். வரலாற்றில் அது சரி. இந்தப் பாசேஜில் அது இல்லை, அதனால் மதிப்பெண் கிடையாது. தெரிந்த விஷயத்தைப் பற்றிய பாசேஜில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பது இதனால்தான்.

'ஒன்லி' மாதிரி சின்ன வார்த்தைகள்தான் பெரிய வார்த்தைகளைவிட அதிகமாகக் காலை வாரும். ஆல்மோஸ்ட், ஹார்ட்லி, அன்டில், அன்லெஸ், மோஸ்ட், சம் – இவற்றுக்கெல்லாம் அர்த்தம் உங்களுக்குத் தெரியும், அதனாலேயே கண் அவற்றில் நிற்காது. 'ஃபியூ' என்றால் அநேகமாக யாரும் இல்லை. 'எ ஃபியூ' என்றால் சிலர் இருக்கிறார்கள். முன்னால் இருக்கும் ஒற்றை எழுத்து பதிலைத் தலைகீழாக்கிவிடும். 'பட்', 'ஹவெவர்', 'யெட்', 'ஆல்தோ' வரும் இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். பேச்சு திரும்பும் இடம் அது, கேள்வி எடுப்பவர்களுக்கும் பிடித்த இடம்.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: நீளமான வாக்கியம். 'தி சோல்ஜர்ஸ் ஹூ ரெஃப்யூஸ்ட் டு வேர் தி நியூ டர்பன் வேர் சென்ட் டு மெட்ராஸ்.' தமிழில் 'அணிய மறுத்த' என்பது சிப்பாய்களுக்கு முன்னால் வந்துவிடும், வினைமுற்று கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் அந்த விவரம் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால் 'ரெஃப்யூஸ்ட்' வந்ததுமே வாக்கியம் முடிந்த மாதிரி தோன்றி, மீதி குழம்புகிறது. ஹூ, விச், தட் வந்தால் அங்கிருந்து ஒரு அடைப்புக்குறி போட்டு, அந்தத் துண்டு முடியும் இடத்தில் மூடுங்கள். வெளியே மிஞ்சுவது: சிப்பாய்கள் மெட்ராஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அதுதான் முதுகெலும்பு. இரண்டு வாரம் பென்சிலால் செய்தால், பிறகு பென்சில் இல்லாமலே கண் செய்துகொள்ளும்.

தெரிந்த வார்த்தை வேறு பொருளில் வந்து ஏமாற்றுவதும் உண்டு. 'தி பாலார் இஸ் ட்ரை ஃபார் மோஸ்ட் ஆஃப் தி இயர், யெட் டவுன்ஸ் அலாங் இட் ட்ரா வாட்டர் ஃப்ரம் வெல்ஸ் ஸங்க் இன் இட்ஸ் பெட்.' இதில் புது வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் 'ட்ரா' படம் வரைவது என்றும், 'ஸங்க்' மூழ்கியது என்றும், 'பெட்' படுக்கை என்றும் எடுத்தால் வாக்கியம் உளறலாகிவிடும். தண்ணீர் எடுப்பது, கிணறு தோண்டியது, ஆற்றுப் படுகை. பாலாற்று மணலில் கிணறு போட்டுத் தண்ணீர் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை ஊகிப்பது கஷ்டமில்லை. தெரிந்த அர்த்தம் பொருந்தாவிட்டால் பக்கத்து வார்த்தைகளைப் பாருங்கள். 'இட்', 'இட்ஸ்', 'தே', 'திஸ்' வந்தால் அது எதைக் குறிக்கிறது என்று அம்புக்குறி போட்டு இணையுங்கள். இங்கே இரண்டும் பாலாறுதான்.

இனி மிஸ்ஸின் சிவப்பு மை. பதில் இருக்கும் பகுதியைக் கண்டுபிடித்து, மூன்று வரியை அப்படியே பெயர்த்து எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். அநேகமாக எல்லோரும் செய்வது. கேள்வியின் பாதியை எடுத்துப் பதிலைத் தொடங்குங்கள். 'ஒய் டிட் தி சோல்ஜர்ஸ் ஒப்போஸ் தி ஆர்டர்?' என்றால் 'தி சோல்ஜர்ஸ் ஒப்போஸ்ட் தி ஆர்டர் பிகாஸ்...'. 'டிட்' போய்விடும், அதன் கடந்தகாலம் 'ஒப்போஸ்ட்' என்று வினைச்சொல்லில் ஏறும். 'டிட் ஒப்போஸ்ட்' என்று இரண்டையும் வைப்பதுதான் வழக்கமான பிழை. பாசேஜில் 'தே' என்று இருந்தால் பதிலில் அவர்கள் யார் என்று பெயரை எழுதுங்கள். 'ஒய்' கேட்டால் காரணம், 'ஹவ்' கேட்டால் விதம். என்ன நடந்தது என்று கதை சொல்லக் கூடாது. ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு வாக்கியம் போதும். தலைப்புக் கொடுக்கச் சொன்னால், ஓரத்தில் தமிழில் எழுதிய குறிப்புகளைப் பாருங்கள். முதல் வரியில் வரும் பெயரைத் தூக்கித் தலைப்பாக வைத்தால் பெரும்பாலும் பொருந்தாது.

டிக்‌ஷனரியைப் பதில் எழுதி முடித்த பிறகு எடுங்கள். ஒரு பாசேஜுக்கு ஐந்து வார்த்தை, அதற்கு மேல் வேண்டாம். எது தெரியாமல் பதில் தடுமாறியதோ அதையும், இரண்டு முறைக்கு மேல் வந்ததையும் மட்டும் பாருங்கள். நோட்டில் அந்த முழு வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். தப்பான பதிலுக்குச் சரியானதைப் பார்த்து எழுதிவிட்டுப் போகாமல், ஏன் தப்பானது என்று ஒரு சொல் குறியுங்கள்: சின்ன வார்த்தை, நீள வாக்கியம், 'தே' யார், வெளி அறிவு, கேள்வியே புரியவில்லை. பத்துப் பாசேஜ் முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். அதை மட்டும் அடுத்த பத்தில் கவனியுங்கள். தினம் நாலு பாசேஜ் போட்டு மதிப்பெண் மட்டும் எண்ணுகிறவர்கள் முன்னேறாமல் இருப்பது இதைச் செய்யாததால்தான்.

செய்தித்தாளை விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழ்ப் பேப்பரில் காலையில் படித்த வேலூர் மாவட்டச் செய்தி ஒன்றையே ஆங்கிலத்தில் தேடிப் படியுங்கள். விஷயம் முன்பே தெரிவதால் வார்த்தை தானாகப் பிடிபடும். கிளை நூலகத்தில் ஆங்கிலப் பேப்பர் இருந்தால் வாங்கும் செலவும் இல்லை.

பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்க மட்டும் முதலில் 10 நிமிடம் தருகிறார்கள். அதில் மூன்று நிமிடத்தைப் பாசேஜுக்கு ஒதுக்குங்கள். மனப்பாடப் பகுதியைப் பார்த்துத் திருப்திப்படுவதால் அங்கே லாபம் ஒன்றும் இல்லை.

சியூஇடி வேறு மாதிரி. 2025 முறைப்படி ஒரு தாளுக்கு 50 கேள்வி, 60 நிமிடம், எல்லாம் கட்டாயம். பாசேஜ் அதிகபட்சம் 300–350 வார்த்தை. தகவல், கதை, இலக்கியம் என மூன்று வகை. இதற்கு முதலில் கேள்விகளை மட்டும் அரை நிமிடம் பாருங்கள், நான்கு விடைகளைப் பார்க்க வேண்டாம். தப்பான விடைகள் முதலிலேயே மனதில் பதிந்தால் அதற்கேற்ப படிக்கத் தோன்றும். பாதி சரியான விடைதான் அங்கே பெரிய பொறி: முதல் பாதி பாசேஜில் இருக்கும், பின்பாதி இருக்காது. சரிக்கு 5 கூடும், தப்புக்கு 1 குறையும். இரண்டு விடையை அடித்துவிட முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம். கணக்குப்படி சராசரியாக 2 மதிப்பெண் லாபம். ஒன்றுமே தெரியாமல் குறித்தால்கூட சராசரி அரை மதிப்பெண் கூடத்தான் செய்யும், ஆகவே கட்டம் எதையும் காலியாக விடாதீர்கள்.

கடைசியாக, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. கூச்சம் போகும், நாலு பேரிடம் பேச வரும்; கல்லூரிக்குப் போனால் அது உதவும். பாசேஜ் படிக்க உதவாது, அங்கே சொல்லித்தருவது வேறு. பொதுத்தேர்வு முடியும் வரை அந்தப் பணத்தையும், குடியாத்தத்திலிருந்து காட்பாடி போய்வரும் நேரத்தையும் மிச்சப்படுத்துங்கள். வாரம் ஒருமுறை உங்கள் மிஸ்ஸிடம் இரண்டு பதில்களை வரி எண்ணோடு காட்டி, எந்த வரியைத் தவறவிட்டீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான், இடைவேளையிலேயே முடிந்துவிடும்.