கேள்வி – பதில்: முறிந்த தாடைக்குத் தகடும் திருகும்

கேள்வி: விபத்தில் என் தம்பியின் கீழ்த்தாடை இரண்டு இடங்களில் முறிந்துவிட்டது. மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் கம்பியால் கட்டி, வாயைத் திறக்கவிடாமல் வைப்பார்கள் என்று நினைத்திருந்தோம். மருத்துவரோ தகடும் திருகும் பொருத்த வேண்டும் என்கிறார். அவர் காட்டிய தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். உணவை மெல்லும் விசையை அது தாங்குமா?

பதில்: தாங்கும், ஆனால் தனியாகத் தாங்குவதில்லை. மெல்லும்போது தாடையின் பின்பகுதியைத் தசைகள் மேலே இழுக்க, முன்பகுதி கீழே தள்ளப்படுவதால், காதுக்குக் கீழே தாடை வளையும் கோணப் பகுதியில் உள்ள முறிவு மேல் விளிம்பில் பிளக்கப் பார்க்கும். கீழ் விளிம்பில் எலும்பு எலும்போடு அழுந்தும். பிளக்கும் பக்கத்தில் மெல்லிய தகடு ஒன்றைப் பொருத்தினால் போதும், மீதிச் சுமையை எலும்பே ஏற்றுக்கொள்ளும். பிரான்சில் மிஷெலே என்ற அறுவை மருத்துவர் கையாண்ட சிறு தகடுகளை, அந்நாட்டின் இன்னொரு அறுவை மருத்துவரான ஷாம்பி 1970களில் விசைகளைக் கணக்கிட்டு, தாடையின் எப்பகுதியில் எந்தக் கோட்டில் வைக்க வேண்டும் என்று வரையறுத்தார். முகவாய்ப் பகுதியில் முறுக்கு விசையும் சேர்வதால் அங்கு ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தகடுகள் வைப்பது வழக்கம்.

பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தத் திருகுகள் எலும்பின் வெளிச்சுவரில் மட்டுமே இறங்கும். உள்ளே பல்வேர்களும் நரம்பும் இருப்பதே காரணம். எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருந்தாலோ, முதுமையில் பல் இழந்து தாடை மெலிந்திருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. சுமையில் பங்கெடுக்க அங்கே தகுந்த எலும்பு இல்லை. அப்போது கனமான தகட்டைக் கீழ் விளிம்போரம் வைத்து, எலும்பின் இரு சுவர்களையும் துளைக்கும் திருகுகளால் இறுக்குவார்கள்.

தகட்டின் வலிமையைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது பற்கள் பொருந்தும் விதம். அதனால்தான் அறுவை அறையில் முதலில் பற்களைக் கடித்த நிலையில் கட்டிவிட்டு, பிறகே திருகுகளை இறுக்குகிறார்கள். எக்ஸ்ரேயில் முறிவு நேர்த்தியாகச் சேர்ந்திருந்தாலும், பற்கள் மயிரிழை விலகினால் நோயாளி அதை உடனே உணர்வார். இறுகிவிட்ட தகட்டை உணவு மென்று பழகி நேராக்க முடியாது. பற்களில் போட்ட அந்தக் கட்டைப் பெரும்பாலும் அறுவை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள் என்பதால், உங்கள் தம்பி வாயைத் திறக்கலாம், பேசலாம். மென்மையான உணவு மட்டும் நான்கு முதல் ஆறு வாரம் தொடர வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் அவர் இப்போதே நிறுத்தட்டும். அது தொற்றுக்கும் எலும்பு சேராமைக்கும் வழிவிடும்.

கம்பிக் கட்டு காலாவதியானது என்று எண்ண வேண்டாம். காதருகே மூட்டை ஒட்டிய, தாடை எலும்பின் ‘கழுத்து’ எனப்படும் குறுகிய பகுதியின் முறிவுகள் பலவற்றை இன்றும் அறுவையின்றியே கையாள்கிறார்கள். இரண்டு இடங்களில் முறிந்த தாடையில் ஒன்றுக்குத் தகடும் மற்றதற்கு மேல், கீழ்ப் பற்களை இணைக்கும் ரப்பர் வளையமுமாக இரு வழிகளையும் சேர்த்துச் செய்வதும் உண்டு.

கேள்வி: எனக்குத் தகடு வைத்த பக்கம் கீழுதடு மரத்திருக்கிறது. தகட்டை எடுத்தால் சரியாகுமா?

பதில்: கீழுதட்டுக்குச் செல்லும் நரம்பு தாடை எலும்புக்குள்ளேயே ஓடுவதால், பல சமயம் முறிவின்போதே நசுங்கிவிடும், அறுவையிலும் இழுபடலாம். உணர்வு மெல்ல மாதக்கணக்கில் திரும்பக்கூடும். சிலருக்குக் கொஞ்சம் மரமரப்பு நிலைத்துவிடும். திருகு நரம்பில் அழுந்துவதாகப் படத்தில் தெரிந்தாலன்றி, தகட்டை எடுப்பது உதவாது. தகடு செய்யப்படும் டைட்டானியம் உடலோடு ஒத்துப்போகும் உலோகம். தொற்றோ தளர்வோ இல்லாவிட்டால், ஈறைத் துளைத்து வெளியே தெரியாவிட்டால், அது வாழ்நாள் முழுதும் அங்கேயே இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கும் பொதுவாகத் தடையில்லை, தகட்டின் அருகே படம் சற்று மங்கும். ஆனாலும் தகடு இருப்பதைப் பரிசோதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சிறுவர்களுக்கும் இதே சிகிச்சைதானா?

பதில்: முடிந்தவரை தவிர்ப்பார்கள். முளைக்காத பற்கள் தாடைக்குள் நிறைந்திருப்பதால் திருகு அவற்றைக் கெடுத்துவிடலாம். அவர்களுக்கு எலும்பு விரைவாகச் சேர்வதால் பற்களின் அச்செடுத்துச் செய்து பொருத்தும் கட்டே பெரும்பாலும் போதும். முறிவு மிகவும் விலகியிருந்தால் கீழ் விளிம்பில் சிறு தகடு வைத்து, சேர்ந்தபின் எடுத்துவிடுவார்கள், அல்லது உடலிலேயே கரையும் தகட்டைப் பயன்படுத்துவார்கள்.