கோத்தகிரி வீட்டுச் சர்வர்: டிஸ்க் காணாமல் போவதற்கு மதர்போர்டு காரணமா?

டிஸ்க் மறைவதால் மதர்போர்டை (கணினியின் தாய்ப்பலகை) மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். புதிய மதர்போர்டு வாங்க வேண்டாம். இரண்டு டிஸ்க் வைத்த வீட்டுச் சேமிப்பு சர்வருக்கு உங்கள் பழைய இன்டெல் ஐ3 கணினியே தாராளம்.

மழை தொடங்கியதிலிருந்து ஒரு டிஸ்க் மட்டும் திடீரென மறைகிறது, அணைத்துப் போட்டால் திரும்புகிறது என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள் மீதுதான். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே அலமாரிக்குள் இருக்கும் செருப்பே பூஞ்சை பிடிக்கிறது. கேபிள் முனை மட்டும் தப்புமா? இரவில் சர்வரை அணைக்கிறீர்கள் என்றால் இன்னும் மோசம். ஓடும் பெட்டியின் சூடே ஈரத்தை ஓரளவு விரட்டிவிடும்.

1. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண்ணின் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கேபிள் வழியே தரவு சிதைந்த தடவைகளின் கணக்கு அது.

2. சர்வரை அணைத்து அதன் மின்செருகியைக் கழற்றிவிட்டு, அதே துளையில் புதிய கேபிளைப் போடுங்கள். டிஸ்க்குக்குப் போகும் மின்சார முனையையும் ஒருமுறை கழற்றி அழுத்திச் செருகுங்கள்.

3. சில பெரிய கோப்புகளை நகலெடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அந்த எண் ஒருபோதும் குறையாது. முன்பு ஏறிக்கொண்டிருந்தது மேலும் ஏறாமல் நின்றால், பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி.

ஆனால் அதே அறிக்கையில் 5 (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்) அல்லது 197ஆம் (படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகள்) எண்களின் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க்கே சாகிறது. அப்போது சோதனை எதுவும் வேண்டாம், முதலில் அதிலுள்ள கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். இரட்டை டிஸ்க் இருப்பது காப்பு நகல் ஆகாது.

மதர்போர்டுக்கு வைத்த பணத்தில், மின்சாரம் போனாலும் சற்று நேரம் பேட்டரியில் ஓடவைக்கும் யுபிஎஸ் வாங்குங்கள். மரம் விழுந்து மின்சாரம் போகும் ஊரில் அதுதான் முதல் செலவு.