மெனுவில் 200 வெள்ளி, ரசீதில் 246.99: நடுவில் ஏறியது எது?

கேள்வி: யீஷூனிலிருந்து எழுதுகிறேன். அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்காக எட்டுப் பேர் சிராங்கூன் சாலைப் பக்கம் உள்ள ஓர் உணவகத்தில் சாப்பிட்டோம். மெனுவைப் பார்த்துக் கூட்டியபோது 200 வெள்ளி வந்தது; ரசீதில் 239.80 வெள்ளி. கடன்பற்று அட்டையை நீட்டியதும் ‘அட்டைக்கு 3 விழுக்காடு கூடுதல்’ என்று சொல்லி 246.99 வெள்ளியைக் கழித்துக்கொண்டார்கள். இவற்றில் எது முறையானது, எதை நான் மறுத்திருக்கலாம்? இனி அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லதா? மாதம் ஒருமுறை ஜொகூர் பாருவுக்கும் சாப்பிடப் போகிறோம். அங்கே இயந்திரம் சிங்கப்பூர் வெள்ளியா, ரிங்கிட்டா என்று கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் 200 வெள்ளி 246.99 ஆனதற்குக் காரணமான மூன்று தொகைகளும் ஒரே ரசீதில் அடுத்தடுத்து வந்தாலும் மூன்றும் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. பொருள் சேவை வரி சட்டப்படி வசூலிக்கப்படுவது. சேவைக் கட்டணம் கடைக்காரர் தாமாக வைத்த விலையின் ஒரு பகுதி. அட்டைக்கான 3 விழுக்காடோ, கடைக்காரர் தம் வங்கிக்குக் கொடுக்க வேண்டிய செலவை உங்கள் பக்கம் தள்ளிவிட்டது. மூன்றையும் ‘எக்ஸ்ட்ரா’ என்ற ஒரே பெயரில் பார்ப்பதால்தான், கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு, கேட்டுப் பயனில்லாத இடத்தில் சண்டை போடுகிறோம்.

முதலில் 239.80 எப்படி வந்தது என்று பார்ப்போம். மெனுவின் கடைசிப் பக்கத்தில், எறும்பளவு எழுத்தில், விலைகளுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்திருக்கும். முதல் கூட்டல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். அது 200ஐ 220 ஆக்குகிறது. இரண்டாவது கூட்டல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அது 200 மீது அல்ல, 220 மீது கணக்கிடப்படுவதால் 18 அல்லாமல் 19.80 வெள்ளி ஆகிறது. எனவே ‘பத்தும் ஒன்பதும் பத்தொன்பது’ என்று மனக்கணக்குப் போடுபவர்கள் எப்போதும் சற்றுக் குறைவாகவே மதிப்பிடுவார்கள். இருகூட்டல் உள்ள மெனுவில் ஒவ்வொரு விலையையும் ஐந்தில் ஒரு பங்கு உயர்த்திப் படித்தால் சில காசு வித்தியாசத்தில் சரியான தொகை கிடைத்துவிடும்: 15 வெள்ளி பிரியாணி என்றால் 18 வெள்ளி.

வரிக்குப் பதிவு பெற்ற கடைகள் வரியையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்பதுதான் இங்கே பொதுவிதி. சேவைக் கட்டணம் வசூலிக்கும் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் மட்டும் அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கும், விலையில் வரியும் சேவைக் கட்டணமும் சேரவில்லை என்பதை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிறது. ஆகவே மெனுவில் அந்த அறிவிப்பு இருந்திருந்தால் 239.80 வரைக்கும் கடைக்காரர் மீது குற்றம் இல்லை.

அதே சமயம் வரியை வசூலிக்கும் உரிமை எல்லாக் கடைகளுக்கும் கிடையாது. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டும் வணிகங்கள் பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்குக் குறைவாக விற்பவர்கள் விரும்பினால் பதிவு செய்யலாம். பதிவு செய்யாதவர் வரி என்ற பெயரில் ஒரு காசுகூட வாங்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் ரசீதில் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் கடையின் பெயரைத் தட்டினாலும் பதிவு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

சேவைக் கட்டணத்தைப் பற்றி நம்மவர்களிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. அது இலை போட்டு, ரசம் ஊற்றிய பணியாளரின் கைக்குப் போகும் அன்பளிப்பு அல்ல. அது கடையின் வருமானம். பணியாளருக்கு அதில் பங்கு தருவதும் தராததும் முதலாளியின் முடிவு. அதை வசூலிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை, வசூலிக்கக் கூடாது என்றும் இல்லை. முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், நீங்கள் உணவைக் கேட்ட கணமே அதற்கும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. கவனிப்பு மோசமாக இருந்தால் மேலாளரிடம் நீக்கித் தரும்படி கேட்கலாம், சில இடங்களில் நீக்கியும் தருவார்கள். ஆனால் அதை உரிமை என்று வாதிட முடியாது. எங்கேயும் எழுதாமல் ரசீதில் மட்டும் திடீரென்று தோன்றினால் கதை வேறு. தவிர்க்க முடியாத கட்டணங்களை வாடிக்கையாளர் முடிவெடுக்கும் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பதைச் சிங்கப்பூர் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டிகள் வலியுறுத்துகின்றன. அவை 2020 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. கேட்காமலே மேசைக்கு வரும் ஈரத் துண்டு, வேர்க்கடலை போன்றவற்றை வேண்டாம் என்று அப்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள். பிரித்துவிட்டு மறுப்பது சரியாகாது.

வெளியே சாப்பிடும் செலவு கூடியதற்கு வரி உயர்வுதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். வரி 2023 ஜனவரியில் 7லிருந்து 8 ஆகவும், 2024 ஜனவரியில் 9 ஆகவும் உயர்ந்தது உண்மை. ஆனால் உங்கள் 200 வெள்ளி விருந்து பழைய 7 விழுக்காட்டில் 235.40 ஆகியிருக்கும், அதாவது இரண்டு உயர்வும் சேர்ந்து உங்களிடம் வாங்கியது 4.40 வெள்ளி. உண்மையான ஏற்றம் மெனு விலைக்குள்ளேயே நடந்துவிட்டது. உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஊர் இது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும், 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை விதித்து, அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டதும் நம் இட்லிக் கடைகளை நேராகத் தொட்ட நிகழ்வுகள். வாடகை ஒரு பக்கம். 2023 மார்ச் முதல் உணவுச் சேவைத் துறைக்கு வந்த படிப்படியான சம்பள உயர்வு முறை இன்னொரு பக்கம். இந்தக் கடைசிக் காரணத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி 7.19 வெள்ளிக்கு வருகிறேன். நீங்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டிய இடம் இதுதான். நீங்கள் அட்டையைத் தட்டும்போது கடைக்காரரின் வங்கி, அட்டை நிறுவனம், உங்கள் வங்கி ஆகிய மூவரும் அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். சிறு உணவகங்களுக்கு அது பொதுவாக 2, 3 விழுக்காட்டைச் சுற்றி இருக்கும். உங்கள் ரசீதுக்கு 2.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் கடைக்காரருக்கு ஏறத்தாழ 6 வெள்ளி செலவு. லாபம் மெலிந்த தொழிலில் அது சிறிய தொகை அல்ல என்பது எனக்குப் புரிகிறது. எனினும் முக்கிய அட்டை நிறுவனங்கள் கடைகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்த விதிகள், அட்டைக்காரரிடம் கூடுதல் வசூலிப்பதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. மீறுவது குற்றவியல் சட்டப் பிரச்சினை ஆகாது; அது கடைக்கும் வங்கிக்கும் இடையிலான ஒப்பந்த மீறல். ஆகவே மறுத்திருக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு ‘ஆம்’ என்பதே என் பதில், ஆனால் அட்டையைத் தட்டுவதற்கு முன்பு. ‘பேநவில் (கைப்பேசி வழியே வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் முறை) கொடுத்தால் இது உண்டா?’ என்று கேட்டிருந்தால், பெரும்பாலும் 239.80 வெள்ளியோடு முடிந்திருக்கும். இப்போது செய்யக்கூடியது, ரசீதின் படத்தோடு உங்கள் அட்டையை வழங்கிய வங்கிக்குத் தெரிவிப்பது. சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடமும் முறையிடலாம். பணம் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

அதற்காக அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. கணக்கைப் பாருங்கள்: உங்கள் அட்டை உணவகச் செலவுக்கு உண்மையிலேயே 5 விழுக்காடு திருப்பித் தருமானால், 246.99 வெள்ளிக்கு 12.35 வெள்ளி கிடைக்கும்; 7.19 கூடுதலாகக் கொடுத்தும் 5.16 வெள்ளி லாபம். அட்டை 1.5 விழுக்காடு தருவதாக இருந்தால் கிடைப்பது 3.70 வெள்ளி, நட்டம் 3.49. சிக்கல் என்னவென்றால், 5 விழுக்காடு என்று விளம்பரம் செய்யும் அட்டைகள் பலவற்றில் மாதம் 600, 800 வெள்ளி செலவழித்தால்தான் அந்த விகிதம் பொருந்தும், இல்லாவிட்டால் 0.3 விழுக்காடு போன்ற அடிமட்ட விகிதத்துக்கு இறங்கிவிடும், அதாவது இந்த ரசீதுக்கு 74 காசு.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வங்கியின் கணினிக்கு நீங்கள் சாப்பிட்டது தெரியாது. கடையின் வணிகக் குறியீட்டு எண்தான் தெரியும். உணவகத்துக்கு 5812, துரித உணவுக்கு 5814. ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் ஹோட்டலின் குறியீட்டில் பதிவாகியிருந்தால், வயிறு நிறைந்தாலும் உணவுச் சலுகை வராது.

மாதக் கடைசியில் அட்டைத் தொகையை முழுவதும் கட்டாதவராக இருந்தால், மேலே சொன்ன கணக்கையெல்லாம் மறந்துவிடுங்கள். ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் ஓடும் வட்டிக்கு முன்னால் எந்தச் சலுகையும் நிற்காது.

தள்ளுபடி இருக்கும் நாளில் ரசீதை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துவிடுங்கள். 200 வெள்ளிக்கு 20 விழுக்காடு தள்ளுபடி என்றால், குறைத்த 160 மீது சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்து 191.84 ஆக வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். சில கடைகளில் தள்ளுபடிக்கு முந்தைய 200 மீதே சேவைக் கட்டணத்தைப் போடுவார்கள், அப்போது 196.20 ஆகும். முன்பே எழுதியிருந்தால் தவறு என்று சொல்ல முடியாது; எழுதாவிட்டால் கேளுங்கள், 4.36 வெள்ளிக்குத் தேக்கா நிலையத்தில் ஒருவேளை பசியாறிவிடலாம். ரொக்கத்தைப் பொறுத்தவரை, முன்கூட்டியே எழுதி அறிவித்துவிட்டு வாங்க மறுக்கக் கடைகளுக்கு உரிமை உண்டு. ஆகவே ரொக்கத்தை மட்டும் நம்பிப் போகாமல், 2017ல் வந்த பேநவையும் கைப்பேசியில் தயாராக வைத்திருங்கள்.

ஜொகூர் பாரு விஷயத்தில் எப்போதும் ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்கள். இயந்திரம் சிங்கப்பூர் வெள்ளியில் தொகையைக் காட்டுவது உதவி போலத் தெரியும். ஆனால் அந்த நாணய மாற்று விகிதத்தில் இடைத்தரகரின் லாபம் சேர்ந்திருக்கும், வெளிநாட்டில் நடந்த வெள்ளிப் பரிவர்த்தனை என்று உங்கள் வங்கியும் 1 விழுக்காட்டைச் சுற்றி ஒரு கட்டணம் போடக்கூடும். ரிங்கிட்டில் கொடுத்தாலும் சாதாரணக் கடன்பற்று அட்டைக்குப் பெரும்பாலான வங்கிகள் 3 விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் எடுக்கின்றன என்பதால், மாதந்தோறும் போகும் உங்களுக்கு முன்கூட்டியே ரிங்கிட்டாக மாற்றி வைத்துக்கொள்ளும் பலநாணய அட்டை ஒன்று பொருந்தும். சில கடைகளில் பணியாளர் உங்களைக் கேட்காமலே வெள்ளியை அழுத்திவிடுவார். இயந்திரம் துப்பும் சீட்டில் சிங்கப்பூர் வெள்ளித் தொகை தெரிந்தால், மேசையை விட்டு எழுவதற்கு முன்பே அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்து, ரிங்கிட்டில் மறுபடியும் போடச் சொல்லுங்கள்.