என்பிடெல் (NPTEL, ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளம்) இருக்கும்போது கணிதத்துக்குக் கல்லூரி வகுப்பு எதற்கு?

பாடம் கேட்க மட்டும் என்றால் தேவையில்லை. ஐஐடி பேராசிரியர்களின் காணொளிகள் இலவசம். புரியாத இடத்தை நான்கு முறை திருப்பிப் போடலாம். சிக்கல் வேறு: நீங்கள் எழுதிய நிரூபணம் தப்பு என்று யார் சொல்வது?

√2 விகிதமுறா எண் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். √2 = அ/ஆ, சுருக்கிய பின்னம் என்று வைத்துக்கொள்வோம். அ² = 2ஆ², எனவே அ² இரட்டை, ஆகவே அ இரட்டை, அதனால் ஆ-வும் இரட்டை, முரண்பாடு. இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டதாகத் தோன்றும். நல்ல ஆசிரியர் உடனே, "இதையே √4-க்குப் போடு, எங்கே உடைகிறது?" என்பார். அ² நான்கால் வகுபட்டால் அ-வும் நான்கால் வகுபடும் என்று கை தானாக எழுதிவிடும். அ = 2 ஆனால்? 4 வகுபடும், 2 வகுபடாது. முதல் வாதம் நின்றது 2 பகா எண் என்பதால்தான் என்று அப்போதுதான் உறைக்கும்.

என்பிடெல் வாராந்திரப் பயிற்சிகளைக் கணினியே திருத்துவதுதான் வழக்கம். விடையைப் பார்க்கும், வாதத்தைப் பார்க்காது.

தனியாகப் படிப்பதானால், பார்த்த நிரூபணத்தை மறுநாள் வெற்றுத்தாளில் எழுதுங்கள். ஒரு நிபந்தனையை நீக்கி, எந்த வரி விழுகிறது என்று தேடுங்கள். வாரம் இரண்டு நிரூபணங்களையாவது வேறொருவர் சிவப்பு மையில் திருத்தட்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுப் போகிற வகுப்பானால், காணொளியே மேல்.