பங்கும் ஃபியூச்சர்ஸும் ஒன்றா?

கேள்வி: ஐயா, ஆறு மாதமாகப் பங்கு வாங்கி விற்று வருகிறேன். இப்போது நண்பர்கள் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் என்று இழுக்கிறார்கள். அப்பாவோ கடன் பத்திரம்தான் பாதுகாப்பு என்கிறார். திரையில் பார்த்தால் எல்லாமே ஏறி இறங்கும் எண்கள்தான். அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: அந்தத் திரையை இருபது வருடம் பார்த்தவன் நான். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் உங்களுக்கு என்ன உரிமை, என்ன கடமை என்று கேளுங்கள். வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

பங்கில் நீங்கள் உரிமையாளர். கம்பெனி மூழ்கினால், கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் தீர்த்தபின் மிச்சமிருந்தால்தான் உங்களுக்கு. ஆனால் சொந்தக் காசில் வாங்கிய பங்கில், போட்டதற்கு மேல் போகாது.

கடன் பத்திரத்தில் கடன் கொடுத்தவரே நீங்கள்தான். அப்பா சொல்வது முக்கால்வாசி சரி: கடன் வாங்கியவர் நாணயமானவராக இருந்து, நீங்களும் முதிர்வு வரை பொறுத்திருந்தால் வட்டியும் அசலும் வந்துவிடும். நடுவில் விற்கப் போனால் கதை வேறு. 1,000 முகமதிப்பு, ஆண்டுக்கு 5 சதவீத வட்டி, 10 வருடப் பத்திரம் என்று வையுங்கள். வாங்கிய மறுநாளே சந்தையில் வட்டி 6 சதவீதம் ஆகிவிட்டால், உங்கள் பத்திரத்துக்கு யார் 1,000 கொடுப்பார்? சுமார் 926தான் கிடைக்கும்.

சரி, நண்பர்கள் சொல்வதற்கு வருவோம். இரண்டுமே டெரிவேட்டிவ்கள். எண்ணெய், தங்கம், நாணயம், பங்குக் குறியீடு என வேறொன்றின் மேல் எழுதிய ஒப்பந்தங்கள். ஆப்ஷன் என்பது குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ ஓர் உரிமை. அதை வாங்கினால் பிரீமியம் என்ற கட்டணம் கட்டுகிறீர்கள். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், போவது பிரீமியத்தோடு சரி. ஆப்ஷனை விற்றவருக்கு அந்த வசதி இல்லை. ஃபியூச்சர்ஸ் என்பது இன்றே பேசிய விலைக்குப் பின்னொரு தேதியில் வாங்க, விற்கப் போடும் ஒப்பந்தம். அதில் வாங்கியவர், விற்றவர் இருவருமே கட்டுப்பட்டவர்கள்.

அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமானது என்பதை 2020 ஏப்ரல் 20 அன்று பார்த்தேன். அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஃபியூச்சர்ஸ் பேரலுக்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. கழித்தல் குறியைக் கண்டதும் திரையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மறுநாள் எக்ஸ்பைரி, அதாவது ஒப்பந்தம் முடியும் நாள். அதற்குள் கைமாற்றாவிட்டால் ஓக்லஹோமாவில் குஷிங் என்ற ஊரில் எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரடங்கில் எண்ணெய் வாங்க ஆளில்லை, தொட்டிகளில் இடமும் கிடைக்கவில்லை. காசும் கொடுத்து அடுத்தவர் தலையில் கட்டினார்கள். ஒப்பந்தம் ஒன்றுக்கு 1,000 பேரல். ‘பூஜ்யத்துக்குக் கீழே எங்கே போகப்போகிறது’ என்று 1 டாலரில் ஒன்றே ஒன்று வாங்கியவருக்கு, அந்த முடிவு விலையில் 38,630 டாலர் நஷ்டம். சொந்தக் காசில் வாங்கிய பங்கில் இப்படி நடக்கவே நடக்காது.

அப்புறம், இடிஎஃப் (பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) வாங்கினாலும் உள்ளே இருப்பது பங்கா, ஃபியூச்சர்ஸா என்று பார்த்துவிடுங்கள்.

நண்பர்கள் சொல்லும் ஒப்பந்தத்தை இப்போதைக்கு வாங்காதீர்கள். எக்ஸ்பைரி என்றைக்கு, ஒரு ஒப்பந்தத்தின் அளவு என்ன, கணக்கு முடிப்பது பொருளாகவா பணமாகவா – இந்த மூன்றையும் தேடிக் குறித்து எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.